நேரம் எழுதாமல் போட்ட கையெழுத்து

அனுப்புநர்
த. எழிலரசி (வயது 29),
க/பெ. தளவாய்,
சரோஜா அம்மாள் வீட்டு வரிசை, அறை எண் 4,
சுங்குவார்சத்திரம்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு,
காஞ்சிபுரம்.

பொருள்: கிளைச் சிறையில் விசாரணைக் கைதியாக உள்ள என் கணவர் தளவாய், வரும் திங்கட்கிழமை (17.11.2025) செய்யாத திருட்டை நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள இருப்பது – அதற்குள் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பி அவரைச் சந்திக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. உயர் காவல் அலுவலருக்கு நான் அளித்த மனு, நாள் 16.06.2025.
2. அதன் மீது 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என வந்த பதில், நாள் 09.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் மனுவை ஒரே பக்கத்தில் அடக்கினேன். ஸ்ரீபெரும்புதூரில் மனு தட்டச்சு செய்து கொடுப்பவர், "ஒரு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்கம்மா, மேட்டரை மட்டும் சொல்லு" என்றார். மேட்டரை மட்டும் சொன்னேன். மூன்று வரியில் பதில் வந்து கோப்பு மூடப்பட்டது. ஆகவே இம்முறை நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும். தங்களுக்கு நேரமில்லையென்றால் 15ஆம் பத்தியை மட்டுமாவது படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. என் கணவர் தென்காசிப் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்து, பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர். நான் காஞ்சிபுரம் பக்கத்துப் பெண். முன்பு இருவரும் ஒரே கம்பெனிப் பேருந்தில் போய் வந்தோம். இரு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்து, 2020இல் திருமணம் நடந்தது. அவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஊழியர், டீம் லீடர். டீம் லீடர் என்றதும் பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். பதினான்கு பேருக்காகத் திட்டு வாங்கவும், ஷிப்ட் முடிவில் எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போடவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர்.

3. கடந்த ஜூன் முதல் வாரத்தில், அந்தத் தொழிற்சாலையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் கழிவுப் பெட்டிக்குள் மறைத்து வெளியே கொண்டுபோகப்பட்டதாக நிர்வாகம் புகார் கொடுத்தது. பெட்டி வெளியேறிய கேட் பாஸில் என் கணவரின் கையெழுத்து இருந்தது. அது அவர் கையெழுத்துதான், நான் மறுக்கவில்லை. பெட்டியை நிரப்பியவர் வேறு, எடை போட்டவர் வேறு, வண்டியில் ஏற்றியவர் வேறு. கையெழுத்து மட்டும் அவருடையது. மற்ற மூவரையும் யாரும் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை.

4. 09.06.2025 திங்கட்கிழமை பிற்பகல் 3.15 மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கம்பெனிப் பேருந்தை விட்டு இறங்கிய என் கணவரைச் சாதாரண உடையில் வந்த இருவர் அழைத்துச் சென்றனர். "சின்ன என்கொயரிதான், அஞ்சு நிமிஷத்துல வுட்டுர்றோம்" என்று சொன்னார்களாம். அவருடன் இறங்கிய பாலாஜி என்ற சக ஊழியர் உடனே எனக்குப் போன் செய்தார். அன்று எனக்கு வார விடுப்பு. நான்கு மணிக்கெல்லாம் காவல் நிலையத்தில் நின்றேன். எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். உள்ளே அவரும் கேட்டிருக்கிறார். இருவருக்குமே பதில் இல்லை. ஐந்து நிமிடம் என்றவர்கள் விட்டபாடில்லை.

5. அந்த நிலையத்தில், கைது செய்யப்பட்டவரின் உரிமைகள் என்று ஒரு பெரிய பலகை உள்ளது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. பலகைக்கு நேர் கீழே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் படிக்க முடியாது. எழுந்து படித்தால் "உக்காரும்மா, இன்னா படம் பாக்குறியா" என்கிறார்கள். மூன்று மணி நேரம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

6. மாலை ஏழு மணியளவில் அவருக்குச் சாப்பாடு வாங்கி வந்து கொடுத்தேன். அப்போது மேசையில் இருந்த எழுத்தர் ஒரு தாளைத் திருப்பி வைத்து, கீழே விரலை வைத்து, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா, சாப்பாடு குடுத்தியே, அதுக்குதான்" என்றார். பெயர் எழுதி, கையெழுத்திட்டு, போன் எண்ணும் எழுதினேன். நாள், நேரம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவற்றைத் தொடவில்லை.

7. ஏன் தொடவில்லை என்று என்னை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வழக்கறிஞர் கேட்டார், என் அப்பா கேட்டார், சிறையில் என் கணவர் மட்டும் கேட்கவில்லை. நான் படிக்காதவள் அல்ல. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஆறு ஆண்டு லைனில் தரம் பார்த்தவள், மயிரிழைக் கீறலையும் விடமாட்டேன் என்று பெயர் எடுத்தவள். ஆனால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு பழக்கம் உண்டு, ஐயா. ஷிப்ட் தொடக்கத்தில் எல்லோரும் நின்றபடி இருக்கையில் ஒரு தாள் சுற்றி வரும். பாதுகாப்பு அறிவுரை கேட்டேன், புரிந்துகொண்டேன் என்று அதில் அச்சடித்திருக்கும். அறிவுரை அன்று நடந்ததோ இல்லையோ, தாள் வரும். கையெழுத்துப் போட வேண்டும். நாளும் நேரமும் எழுதக் கூடாது. ஆளுக்கு ஒரு நேரம் எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால், சூப்பர்வைசர் பிறகு ஒரே மாதிரி நிரப்பிக்கொள்வார். சேர்ந்த புதிதில் நான் நேரம் எழுதிவிட்டேன். "டைம் கட்டத்த நீ எதுக்குத் தொட்ட? உன் வேலை சைன் போடறது" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டினார்கள். அதற்குப் பிறகு தொட்டதில்லை. எங்கள் கேண்டீனில் ஒரு முறை சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. கைதானவர்களின் உரிமைகள் பற்றித்தான் பேசினார்கள். அந்த வருகைத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன், நேரம் எழுதவில்லை. துண்டறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் 22 என்ற எண்ணை அதில்தான் முதலில் பார்த்தேன்.

8. நான் அன்று கையெழுத்திட்ட தாள், கைது குறித்து உறவினருக்குத் தெரிவித்ததற்கான படிவம் என்று பிறகுதான் தெரிந்தது. கைதுக்கான காரணங்கள் எனக்கு விளக்கப்பட்டன, நகல் பெற்றுக்கொண்டேன், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிவிக்கப்பட்டது என்பவை அதில் அச்சிட்ட வரிகள். வெற்றாக விட்ட கட்டங்களில் வேறு மையில் "10.06.2025, மாலை 4.45" என்று எழுதப்பட்டுள்ளது. என் கணவரிடமும் அப்படியே வாங்கியிருக்கிறார்கள். தாள் தாளாக வந்தது, ஷிப்ட் முடிவில் போடுவது போலப் போட்டுக் கொடுத்தேன் என்றார். அதில் ஒன்று, திருடியதை ஒப்புக்கொண்டு, எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள முட்புதரில் செம்பை அடையாளம் காட்டியதாகக் கூறும் வாக்குமூலம். அதற்கும் 10ஆம் தேதி மாலைதான் நேரம். பத்து குடித்தனம் குப்பை கொட்டும் புதர் அது. அவரை அங்கே அழைத்து வந்ததை எங்கள் வரிசையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று அதே துண்டறிக்கையில் 20(3) என்று போட்டிருந்தது. அவரை வற்புறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. பேனாவைக் கொடுத்தாலே போதுமாக இருந்தது.

9. இதன் விளைவு என்னவென்றால், 9ஆம் தேதி பிற்பகல் 3.15க்குப் பிடிக்கப்பட்ட என் கணவர், 10ஆம் தேதி மாலை 4.30க்குக் கைது செய்யப்பட்டவராக ஆனார். 11ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு நடுவர் முன் நிறுத்தப்பட்டார். உண்மைக் கணக்கில் ஏறக்குறைய நாற்பத்து நான்கு மணி நேரம். தாளின் கணக்கில் பத்தொன்பது மணி நேரத்துக்கும் குறைவு. நாங்கள் அமர்த்திய வழக்கறிஞர், அரசமைப்புச் சட்டத்தின் 22(1), 22(2) பிரிவுகளையும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47, 48, 58 பிரிவுகளையும் காட்டி, கைதே செல்லாது என்று வாதிட எழுந்தார். எதிர்த்தரப்பில் ஒரு தாளை நீட்டினார்கள். வழக்கறிஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வாதத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து, "ஏம்மா, நீங்களே கத்தியை எடுத்துக் கையில குடுத்துட்டு என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை.

10. அந்த 10ஆம் தேதி மாலை 4.45க்கு நான் எங்கே இருந்தேன் என்பதற்கு ஆதாரம் உண்டு. அன்று காலை நிலையத்துக்குப் போனேன், உள்ளே விடவில்லை. சொல்லாமல் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்பதால், பகல் பேருந்தில் ஏறி இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன். கணவரை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் என்று தாங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அன்று பகல் 2.20 முதல் இரவு 10.40 வரை நான் தொழிற்சாலைக்குள் இருந்ததை வாசல் இயந்திரத்தின் பஞ்ச் பதிவு சொல்லும். விரல் ரேகை வைத்த பதிவு. அதில் நேரத்தை நானும் எழுத முடியாது, வேறு யாரும் எழுத முடியாது. அந்தப் பதிவின் நகலைக் கேட்டு மனிதவளப் பிரிவில் நின்றேன். "கம்பெனி ரெக்கார்டு வெளியாளுக்குத் தர முடியாது, கோர்ட் கேட்டா தருவோம்" என்றார்கள். நான் வெளியாள் இல்லையே, என் பதிவைத்தானே கேட்கிறேன் என்றேன். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வெளியாள் ஆகிவிட்டேன்.

11. பார்வை 1இல் கண்ட மனுவில் இவற்றைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். பார்வை 2இல் கண்ட பதில், 'மனுதாரரே படிவத்தில் கையொப்பமிட்டு நகல் பெற்றுள்ளதால் மனுவில் கூறியவை ஆதாரமற்றவை' என்று கூறியது. பேருந்து நிறுத்தத்தில் கண்ணால் பார்த்த பாலாஜியைச் சாட்சி சொல்லக் கேட்டேன். "அக்கா, எனக்கு வேலை போனா வூட்ல அடுப்பு எரியாது" என்று அழுதார். ஆகஸ்டில் ஊருக்கே போய்விட்டார்; அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுப் பதில் எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் என் கணவர் ஏன் சிறையில் இருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது 'ஏன்' வரும்போதே என் பெயர் வந்துவிட்டது. நோட்டை மூடிவிட்டேன்.

12. அறுபது நாள் முடிய ஐந்தாறு நாட்கள் இருக்கையில், 04.08.2025 அன்று குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார்கள். ஆகவே, அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாகக் கிடைக்கும் ஜாமீனும் இல்லை. 22.08.2025 அன்று நீதிமன்றம் கருணையுடன் ஜாமீன் வழங்கியது. அன்று சாக்லேட் வாங்கி வரிசை முழுக்கக் கொடுத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு. நிபந்தனை என்னவென்றால் இரண்டு ஜாமீன்தாரர்கள், சொந்த வீடோ நிலமோ காட்டும் ஆவணத்துடன். ஒருவர் அவருக்கு இரத்த உறவாக இருக்க வேண்டும். அவருக்குப் பெற்றோர் இல்லை. ஒரே அண்ணன் குவைத்தில் இருக்கிறார். மற்றொருவருக்கு நான் எங்கே போவேன்? சுங்குவார்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் என்னைப் போல வாடகைக்கு இருப்பவர்கள். மதுரைக்காரர், ஒடிசாக்காரர், திருவண்ணாமலைக்காரர் என்று வரிசையில் பத்து வீடு. ஒருவரிடமும் வீட்டு வரி ரசீது கிடையாது. வீட்டுக்காரர் சரோஜா அம்மாளிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "நீ நல்ல பொண்ணு தான், நா இல்லன்னு சொல்லல. ஆனா போலீஸ் கேசு நம்ளுக்கு வேணாம்மா. ரூமை வேணா நீ எவ்ளோ நாள் வேணாலும் வச்சிக்கோ" என்றார். என் அப்பா, இந்தக் கல்யாணத்துக்கே தான் சம்மதித்திருக்கக் கூடாது என்கிறார். இவ்வாறாக ஜாமீன் கிடைத்து மூன்று மாதமாகப் போகிறது. அவர் உள்ளேயேதான் இருக்கிறார்.

13. அதன் பின் வந்த வாய்தாக்களில் வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து வரவில்லை. காணொளியில் முகத்தைக் காட்டி, அடுத்த தேதி சொன்னார்கள். எங்கள் வழக்கறிஞர் செப்டம்பரில் வக்காலத்திலிருந்து விலகிக்கொண்டார். இன்றைய தேதியில் என் கணவருக்கு வழக்கறிஞர் இல்லை. திங்கட்கிழமை குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். அதையும் அவர் சிறையில் ஒரு திரை முன் நின்று, பக்கத்தில் யாருமில்லாமல்தான் கேட்கப் போகிறார்.

14. இனி எழுதுவதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும். கடந்த புதன்கிழமை (12.11.2025) சிறை நேர்காணலில் அவரைப் பார்த்தேன். வலைக்கு இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவருக்கு விரலிடுக்கு, கழுத்து எல்லாம் சிரங்கு. பாதி ஆளாக இருக்கிறார். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு சோப்பு வாங்கி வா என்றுகூடச் சொன்னதில்லை. அன்று கேட்டார். "ஏட்டி, உள்ள எல்லாரும் சொல்லுதாங்க. திங்கக்கிழமை ஒத்துக்கிட்டா, இருந்த நாளையே தண்டனையா கழிச்சு விட்ருவாங்களாம். எனக்கு ஏலல. ஒத்துக்கிடட்டா?" என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ஐயா. "ஒத்துக்கோ, வூட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். மணியடித்து அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் வரும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இறங்கியதும் டீக்கடையில் காவேரியைப் பார்த்தேன். என்னோடு லைனில் வேலை பார்த்தவள். விஷயத்தைச் சொன்னேன். அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு, "இன்னாடி சொல்ற? கேசு நடந்தாதான பஞ்ச் ரெக்கார்டைக் கோர்ட்டு கேக்கும்? அவரு ஒத்துக்கினா அப்புறம் யாரு கேப்பா?" என்றாள். முதலில் படிக்காமல் கையெழுத்திட்டேன். இப்போது யோசிக்காமல் வாயைத் திறந்தேன். இரண்டாவதையாவது திரும்பப் பெற வேண்டும் என்று மறுநாள் சிறை வாசலுக்கு ஓடினேன். இந்த வாரத்து நேர்காணல் முடிந்துவிட்டது, இனி புதன்கிழமைதான் என்றார்கள். கடிதம் கொடுத்தேன், பார்த்து, முத்திரை இட்டு உள்ளே போக நான்கைந்து நாள் ஆகும் என்றார்கள். அந்தக் கிளைச் சிறையில் கைதிகள் பேசத் தொலைபேசி இல்லை. திங்கட்கிழமை நான் நீதிமன்றத்துக்குப் போனாலும் அவர் அங்கே இருக்க மாட்டார். ஆனால் சட்ட உதவி வழக்கறிஞர் போனால் பார்க்க விடுவார்கள் என்று துண்டறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. அதனால்தான் இன்று காலை முதல் பேருந்தில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

15. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ. இன்றோ, நாளையோ, ஞாயிற்றுக்கிழமையோ, எப்படியாவது திங்கட்கிழமை காலை 10.30க்கு முன் ஒரு சட்ட உதவி வழக்கறிஞரைக் கிளைச் சிறைக்கு அனுப்பி, என் கணவர் தளவாயைச் சந்திக்கச் செய்ய வேண்டும். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், மறுத்தால் என்னென்ன வழி உண்டு என்பதை யாராவது ஒருவர் முதல் முறையாக அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆ. திங்கட்கிழமை அவர் சார்பில் ஒரு வழக்கறிஞர் ஆஜராகி, அவரை நேரில் வரவழைத்துக் கேட்கும்படி நீதிமன்றத்தைக் கோர வேண்டும்.

இ. 10.06.2025 தேதிய பஞ்ச் பதிவை அழிந்துபோகும் முன் நீதிமன்றம் வாயிலாக வரவழைக்கவும், ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தளர்த்தி அவருடைய சொந்தப் பிணையில் விடவும் மனு செய்ய வேண்டும்.

16. அவர் ஒப்புக்கொண்டால் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருப்பார். அதை நினைக்கும்போதெல்லாம் இந்த மனுவைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது. இரண்டு முறை கிழித்தும்விட்டேன். இது மூன்றாவது பிரதி. வந்த பிறகு என்ன? ஒரகடத்தில் எந்த வாசலுக்குப் போனாலும் முதல் படிவத்திலேயே 'தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்கிறார்கள். ஆம் என்று எழுதி, அதன் கீழ் அவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலைகூடப் போகட்டும், எங்காவது மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொள்வோம். திருடன் என்று அவரைப் பிறர் சொன்னபோது, இல்லை என்று நான் சண்டை போட்டேன். அவரே சொல்லிவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? அதுவும் என் பேச்சைக் கேட்டு அவர் சொன்னார் என்றால், அந்த வீட்டில் நாங்கள் இருவரும் எப்படி முகம் பார்த்துச் சாப்பிடுவோம் என்று எனக்குத் தெரியவில்லை.

17. அவரை யாரும் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. மாண்புமிகு நடுவர் அவர்கள், உன் விருப்பப்படிதான் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம் என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே நீதிமன்றத்தில் யார் மீதும் தவறு இருக்காது, எல்லாம் முறைப்படி முடிந்துவிடும். இந்த மனு தபால் பிரிவில் எண் பெற்று, தங்கள் மேசைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை கடந்துவிடக்கூடும் என்பதையும் அறிவேன். இடையில் சனி, ஞாயிறு வேறு. தாங்கள் விடுப்பில் இருக்கலாம், அனுப்ப ஆள் இல்லாமல் இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இருப்பதால் இதை எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சும்மா இருந்தேன் என்று நாளை அவரிடம் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

18. ஒருவேளை தாங்கள் அனுப்பும் வழக்கறிஞர் அவரைச் சந்திக்க நேர்ந்தால், சட்டத்தைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞர் பேச்சாக இல்லாமல் என் பேச்சாகவே சொல்ல வேண்டும், அப்போதுதான் நம்புவார். "ஒத்துக்காத. புதன்கிழமை நா சொன்னது தப்பு. உன்ன அப்டிப் பாத்ததும் வாயில வந்துடுச்சு. நா இங்கதான் கீறேன், எங்கியும் போவல." இவ்வளவுதான்.

19. அதைக் கேட்டதும் அவர் ஒன்று கேட்பார். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பதிலையும் வழக்கறிஞரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நாள்: 14.11.2025
இடம்: காஞ்சிபுரம்

இங்ஙனம்,
(ஒப்பம்) த. எழிலரசி
விசாரணைக் கைதி தளவாயின் மனைவி